டெவில்ஸ் லேக் மலையிலிருந்து எப்படி இறங்குவது?

நீங்கள் எழுதிக் கேட்டதன் சுருக்கம் இது. இல்லினாய்ஸ் மாநிலத்தில், சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, விஸ்கான்சினில் இருக்கும் டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க்குக்குக் குடும்பத்தோடு போய், நடந்து, அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். அப்பாவுக்கு 67 வயது, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 62, முழங்கால் வலி. பையனுக்கு ஒன்பது, பெண்ணுக்கு நான்கு. “எல்லோரும் சேர்ந்து நடக்கிற மாதிரி ஈஸியான டிரெயில் எது?” என்பது உங்கள் கேள்வி. அதற்குக் கீழே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அப்பா வருஷா வருஷம் பழனி படி ஏறுகிறவர், அதனால் அவருக்குப் பிரச்சினை இருக்காது.” எனக்கு அந்தக் கடைசி வரியில்தான் பயம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. விஸ்கான்சினின் தலைநகரான மேடிசனில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். டெவில்ஸ் லேக் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். பதினான்கு வருடமாக எல்லாப் பருவத்திலும் அங்கே நடந்திருக்கிறேன். கோடையில் ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் நண்பர்களின் குடும்பங்களைப் பல முறை கூட்டிப் போயிருக்கிறேன். ஆக, முழங்காலைப் பற்றியும் அந்த மலையைப் பற்றியும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். உங்கள் அம்மாவின் முழங்காலை நான் பார்த்ததில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பழனி ஒப்பீடு முழுக்கத் தவறில்லை. ஏரியைச் சுற்றி நிற்கும் கரடுகள் தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 500 அடி உயரம். பழனி மலையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் பழனியில் படி என்றால் படி. ஒரே சீரான உயரம், கைப்பிடி, நிழல், நடுவில் உட்கார மண்டபம், முடியாவிட்டால் இறங்க விஞ்ச். இங்கே படி என்பது பாறாங்கல். ஒன்று அரை அடி உயரம், அடுத்தது ஒன்றே கால் அடி, அதற்கடுத்தது சாய்ந்து கிடக்கும். பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பல லட்சம் கால்கள் பட்டுப் பட்டு மேல்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்ட கற்கள் வேறு. ஏறும்போது இதெல்லாம் அவ்வளவாக உறைக்காது. மூச்சு வாங்கும், நிற்போம், திரும்ப ஏறுவோம். மூச்சு வாங்குவது நல்ல எச்சரிக்கை மணி, அது நம்மை நிறுத்திவிடும். இறங்கும்போது மூச்சு வாங்காது. அதனால் உடம்பு சுகமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படியிலும் முழு உடம்பையும் ஒற்றைக் கால்தான் தாங்கி மெல்ல இறக்குகிறது. முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த விசை முழுவதும் முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் போய் அழுத்துகிறது. உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை சோர்ந்ததும் கால் வெடவெடவென்று நடுங்க ஆரம்பிக்கும். நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை இறக்கத்தில்தான், அதுவும் கடைசிக் கால் பங்கில்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டவன். ஆனாலும் என் அப்பா விஷயத்தில் கோட்டை விட்டேன். அவர் முதல் தடவை இங்கு வந்த வருடம். தெற்குக் கரையிலிருந்து பேலன்ஸ்டு ராக் டிரெயிலில் கூட்டிப் போனேன். நீளம் அரை மைல்கூட இல்லை, அதனால் சுலபம் என்று தோன்றும். நீளம் குறைவு என்றால் செங்குத்து அதிகம் என்று அர்த்தம். அப்பா ஜம்மென்று ஏறினார். “திருச்சி மலைக்கோட்டைடா இது, என்ன பெரிய விஷயம்” என்றார். மேலே போட்டோ எல்லாம் எடுத்தாயிற்று. திரும்பும்போது, பாதி இறக்கத்தில், ஒரு கல்லில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலியா என்றால் இல்லை. மயக்கமா என்றால் இல்லை. “கால் என் பேச்சைக் கேக்கலடா” என்றார். தொடையில் கை வைத்துப் பார்த்தேன். வேட்டிக்குள்ளே தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஆமாம், வேட்டிதான். மகன் பிசியோதெரபிஸ்ட், அப்பா வேட்டியும் தோல் செருப்பும். கீழே ஏரிக்கரைப் புல்வெளி கண்ணுக்கெதிரே, தொட்டுவிடலாம் போலத் தெரிகிறது. அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பின்னால் வந்த ஒரு கல்லூரிப் பையன் தன் இரண்டு ஊன்றுகோல்களையும் கொடுத்துவிட்டுப் போனான். கார் நிறுத்தத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளக் காத்திருந்தான், பாவம். அன்றிலிருந்து நான் யாருக்கு வழி சொன்னாலும் முதலில் இறங்கும் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் ஏறும் வழியைச் சொல்கிறேன்.

இப்போது இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஏரி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, சுமார் 360 ஏக்கர். கிழக்கே ஒரு கரடு, மேற்கே ஒரு கரடு. வடக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் மணல், புல்வெளி, கார் நிறுத்தம். கிழக்குக் கரையை ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது. சரக்கு ரயில் இன்னமும் போகிறது, எனவே தண்டவாளத்தில் நின்று போட்டோ எடுக்கும் எண்ணம் வேண்டாம். தெற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரட்டுக்கு ஏறும் மூன்று வழிகளும், அதாவது பேலன்ஸ்டு ராக், பாட்ஹோல்ஸ், சிசிசி ஆகியவை, குட்டையானவை, செங்குத்தானவை. உங்கள் குடும்பத்துக்கு அந்த மூன்றுமே வேண்டாம், ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். வடக்குக் கரையில் காரை நிறுத்துங்கள்.

அங்கிருந்து ஈஸ்ட் பிளஃப் டிரெயில் தொடங்குகிறது. இதிலும் கல்படி உண்டு, மூச்சு வாங்கும். ஆனால் ஏற்றம் கொஞ்சம் நீண்டு பரவியிருக்கிறது. ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே யானைப் பாறை என்று ஒன்று வரும். அந்த இடத்தில் அப்பாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேசினால் மேலே போகலாம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு இழுத்தால் அங்கேயே காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஏரி அந்தப் பகுதியிலிருந்தே நன்றாகத் தெரியும், ஒன்றும் குறைந்துவிடாது. போக முடிந்தால் கரட்டின் விளிம்போடு சுமார் 1.7 மைல் நடை. தெற்கு முனைப் பக்கம் டெவில்ஸ் டோர்வே என்ற பாறை வாசல், பாதையிலிருந்து சற்றுக் கீழே விலகி நிற்கிறது. அதை மேலிருந்து பார்த்தால் போதும். முக்கியமானது இதற்குப் பிறகுதான். வந்த கல்படியில் இறங்காமல், ஈஸ்ட் பிளஃப் வுட்ஸ் டிரெயில் என்ற காட்டு வழியில் வடக்குக் கரைக்குத் திரும்புங்கள். ஒன்றே கால் மைலுக்குச் சற்று மேல். மரநிழல், மண் பாதை, படிப்படியான சரிவு. காட்சி என்று எதுவும் இல்லாததால் கூட்டமும் குறைவு. அப்பாவின் முழங்காலுக்கு அதுதான் விஞ்ச்.

நான்கு வயதுப் பெண்ணை மேலே கூட்டிப் போகாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. பாதையிலிருந்து பாறை நீட்டிக்கொண்டு போகிறது, அதற்கப்புறம் வெறும் காற்று. ஒன்பது வயதுப் பையன் சொன்னால் கேட்பவன் என்றால் வரலாம், விளிம்புப் பக்கம் பெரியவர் ஒருவர் நடக்க வேண்டும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. இறங்கும்போது பாதத்தைப் பார்க்க முடியாமல் முதுகில் பதினைந்து கிலோ ஆடுகிறது என்றால் எனக்கு அது சரிப்படவில்லை. அது என் அபிப்பிராயம், சட்டம் அல்ல.

ஆக, “எல்லோரும் சேர்ந்து நடக்கிற மாதிரி” என்ற ஆசையைக் காலைப் பொழுதுக்கு விட்டுவிடுங்கள். காலையில் நீங்கள், அப்பா, பையன் கிழக்குக் கரட்டில். உங்கள் மனைவி, அம்மா, சின்னவள் வடக்குக் கரை மணலில். மாலையில் எல்லோரும் சேர்ந்து டம்பிள்டு ராக்ஸ் டிரெயில். இது மேற்குக் கரையோரமாக, சரிந்து குவிந்த பாறைகளின் நடுவே போகும் ஒரு மைல் பாதை. பெரும்பாலும் சமதளம், அங்கங்கே மேடுபள்ளம். ஒரு பக்கம் தண்ணீர் கையெட்டும் தூரத்தில், மறுபக்கம் வீடு உயரத்துக்குப் பாறைகள். குழந்தைகளுக்கு ஏரியிலேயே இதுதான் பிடிக்கும். ஏன் மாலை என்றால், காலையில் வெயில் நேராக மேற்குக் கரை மீதுதான் அடிக்கும், பாறையெல்லாம் கொதிக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் சூரியன் மேற்குக் கரட்டுக்குப் பின்னால் சாயத் தொடங்கிவிடும். அதே காரணத்தால் காலையில் கிழக்குக் கரடு கொஞ்சம் குளிர்ச்சி. அம்மாவுக்கு ஒரு மைல் போய் ஒரு மைல் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கால் மைல் போனாலே பாறைக் குவியல் வந்துவிடும், உட்கார்ந்துகொள்ளட்டும். அன்று காலை முழங்கால் வீங்கியிருந்தால் இதையும் விட்டுவிட்டு, காரில் தெற்குக் கரைக்குப் போய் கிராட்டோஸ் டிரெயிலில் நடக்கச் சொல்லுங்கள். கரட்டின் அடிவாரத்தில் நிழலோடு போகும் சமதளப் பாதை, ஒரு மைலுக்கும் குறைவு.

அந்தப் பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பையன் கேட்பான், அப்பாவும் கேட்பார். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த அந்தக் கல்லுக்குப் பாராபூ குவார்ட்சைட் என்று பெயர். சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலாகப் படிந்தது. பிறகு புதைந்து, அழுந்தி, மணல் துகளும் துகளும் ஒட்டி ஒரே கல்லாக இறுகிவிட்டது. நிறம் அதிலிருக்கும் இரும்பால். டைனோசர் கிடக்கட்டும், மீன் என்ற ஒன்றே உலகில் இல்லாத காலத்து மணல் அது. சில பாறைகளின் மேல்பரப்பில் வரிவரியாக அலை போட்டது போல இருக்கும். மெரினாவில் அலை வடிந்ததும் ஈர மணலில் வரிகள் விழுமே, அதேதான். ஆழமில்லாத தண்ணீர் அன்றைக்கு ஓடிப்போன தடம். பையனிடம் சொல்லிவிட்டு, யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள். என் அனுபவத்தில் இது நாற்பது நிமிடம் புலம்பல் இல்லாமல் நடக்க வைக்கும்.

ஏரி அப்படிப் பழையதல்ல. இந்த இரண்டு கரடுகளுக்கும் நடுவில் முன்பு ஆறு ஒன்று ஓடியது. பழைய விஸ்கான்சின் ஆறுதான் அது என்று பெரும்பாலான நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். கடைசிப் பனியுகத்தில் கிழக்கிலிருந்து வந்த பனிப்பாளம் பள்ளத்தாக்கின் இரண்டு வாய்களிலும் வந்து நின்று, சுமந்து வந்த மண்ணையும் கல்லையும் அங்கேயே கொட்டிவிட்டு உருகியது. இரண்டு பக்கமும் அணை கட்டியது போல ஆகி, நடுவில் தண்ணீர் தங்கிவிட்டது. ஆறு வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் இந்த ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஓடை எதுவும் கிடையாது. சரிந்து கிடக்கும் பாறைக் குவியலும் குளிரின் வேலை. விரிசலில் புகுந்த தண்ணீர் உறைந்து, விரிந்து, நெம்பிப் பெயர்த்துத் தள்ளியது. அதில் ஏறி விளையாடலாமா என்று கேட்பார்கள். பாதையை ஒட்டிய பெரிய பாறைகளில் உட்காரலாம். மேலே தாவிப் போக வேண்டாம். மேசை அளவு கல்கூடச் சில நேரம் காலடியில் அசையும். இடுக்கில் பாம்பும் இருக்கலாம். அந்த மலைத்தொடரில் டிம்பர் ராட்டில் ஸ்னேக் என்ற விஷப் பாம்பு உண்டு. நான் இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் அது என்னைப் பார்த்து விலகிப் போனபோது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை விடாமல் இருந்தால் போதும்.

பாம்பைவிட நான் பத்து மடங்கு கவலைப்படுவது உண்ணிக்கு. ஜூன் மாதம் அதற்கு உச்சம். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணியின் குஞ்சுப் பருவம் கசகசா விதை அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது. வெளிர் நிறத்தில் முழு நீளப் பேன்ட், அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பார்க்கப் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கும், பரவாயில்லை. தோலில் டீட் கலந்த பூச்சிவிரட்டி மருந்து. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை முந்தைய நாளே துணிக்கும் ஷூவுக்கும் அடித்துக் காயவைத்துவிடுங்கள், அது தோலில் படக்கூடாது. உண்ணி ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். நம் வீடுகளில் செய்வது போல மண்ணெண்ணெய், தீக்குச்சி, வாசலின் எதுவும் வேண்டாம். லைம் தொற்ற, பொதுவாக அது ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே அன்றிரவே கண்டுபிடித்தால் பெரும்பாலும் பயமில்லை. அதன் பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலோ, வட்டமாகப் படரும் சிவப்போ வந்தால் டாக்டரைப் பாருங்கள். அப்பா அம்மா அதற்குள் ஊர் திரும்பியிருந்தால் அங்குள்ள டாக்டரிடம் “அமெரிக்காவில் உண்ணி கடித்தது” என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். லைம் நம் ஊரில் பொதுவாகப் பார்க்கும் நோய் அல்ல, அவர்களுக்குச் சட்டென்று தோன்றாது.

பாதையோரத்தில் மூன்று மூன்று இலையாக நிற்கும் பாய்சன் ஐவியையும் தொடக்கூடாது. அம்மாவுக்குப் புரிய வைப்பது எளிது. சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிக் கொப்பளிக்கும், அதே கதை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்தான், மாவும் முந்திரியும்கூட. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அப்பாவின் மாத்திரைக்கு வருகிறேன். நான் மருந்து எழுதும் மருத்துவர் அல்ல, அதனால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். சுகருக்கு அவர் சாப்பிடும் மாத்திரை, சுகரை ரொம்பவும் இறக்கிவிடக்கூடிய வகையா என்று அவருடைய டாக்டரிடம் போனில் கேளுங்கள். கிளிமிபிரைடு போன்றவை அந்த வகை. இன்சுலினும் அப்படித்தான். வழக்கத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் மலை ஏறினால் சுகர் இறங்கலாம், சாயங்காலம்கூட இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். உங்கள் பையில் வேண்டாம், அவருடைய பையில். பிரஷருக்குச் சாப்பிடுவது நீர் பிரியும் மாத்திரை என்றால் வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். படியேறும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ முன்பு எப்போதாவது வந்திருந்தால் இந்த மலை வேண்டாம், முதலில் பரிசோதனை. வந்திறங்கி பத்து நாளாவது ஆகியிருக்கட்டும். அந்தப் பத்து நாளும் தினமும் முக்கால் மணி நேரம் உங்கள் தெருவில் நடக்கட்டும். நேப்பர்வில்லில் மேடு கிடையாதுதான். வீட்டு மாடிப்படியில் இறங்கிப் பழகலாம், தினமும் பத்துத் தடவை. ஊரிலிருந்து எடுத்து வந்த இன்ஷூரன்ஸில் ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு எது உண்டு, எது இல்லை என்பதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு நான் நோயாளிகளிடம் தினமும் சொல்லும் ஒரே விதி. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். உயரமான கல்லில் இறங்க நேர்ந்தால் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு இறங்கலாம். அப்பா அம்மா இருவருக்கும் ஊன்றுகோல் ஜோடியாக வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். இறக்கத்தில் முழங்கால் சுமையை ஓரளவு குறைக்கும். அதைவிடப் பெரிய லாபம், தடுமாறும்போது மூன்றாவது காலாக நிற்கும். முழங்கால் உறை வலியைக் குறைக்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்குத் தைரியம் தருகிறது, அதற்காகவே போட்டுக்கொள்ளலாம். புடவை கட்டித்தான் வருவேன் என்றால் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். ஷூ கட்டாயம். புது ஷூ என்றால் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகட்டும். மழை பெய்தால் இந்தக் கல் சோப்புக் கட்டி போல வழுக்கும், அன்று கரடு வேண்டாம். இடி கேட்டால் எங்கே இருந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

பயண ஏற்பாட்டில் நேரம் ஒன்றுதான் பெரிய விஷயம். விஸ்கான்சினிலேயே அதிகக் கூட்டம் வரும் ஸ்டேட் பார்க் இது. கோடைச் சனிக்கிழமையில் பத்து மணிக்கெல்லாம் நிறுத்துமிடம் திணறத் தொடங்கும். நேப்பர்வில்லிலிருந்து மூன்று மணி நேரம், ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரைக்கு உள்ளே. நுழைவு வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. இல்லினாய்ஸ் நம்பர் பிளேட்டுக்கு உள்ளூர்க்காரர்களைவிடக் கட்டணம் கூடுதல். அந்த வருடத்துத் தொகையை மாநில இயற்கை வளத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையை வார நாளாக மாற்ற முடிந்தால் நான் சொன்ன எல்லாவற்றையும்விட அது பெரிய உதவி. கரட்டின் மேல் கழிப்பறை இல்லை, ஏறுமுன் எல்லோரும் போய்விட்டு வர வேண்டும். இரண்டு கரடுகளுக்கும் நடுவில் போன் சிக்னல் வரும், போகும். ஆகவே “போனில் பேசிக்கொள்வோம்” என்று பிரியாதீர்கள். பன்னிரண்டரைக்கு இந்த மரத்தடி என்று பேசி வையுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை. தயிர்சாதம் ஐஸ் பெட்டியில் இருந்தால் மட்டும். மூடி இல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனால் ரக்கூன் பங்குக்கு வரும். குழந்தைகள் தண்ணீரில் இறங்கலாம், ஆனால் உயிர்காக்கும் காவலர்கள் கிடையாது, சின்னவளுக்கு லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கோடையில் இந்த ஏரியில் குளித்தவர்களுக்குச் சில நாள் சிவப்புச் சிவப்பாக அரிப்பு வருவதுண்டு. நத்தையிலிருந்து வரும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியின் வேலை. ஆபத்தில்லை, தானாகப் போய்விடும். கரையேறியதும் உடம்பில் தண்ணீர் காயவிடாமல் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டால் பெருமளவு தப்பிக்கலாம். பக்கத்திலேயே விஸ்கான்சின் டெல்ஸ் என்ற சுற்றுலா ஊர் இருக்கிறதே, அதையும் அன்றைக்கே பார்த்துவிடலாமா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெயரைக் கேட்டதும் அம்மா முகம் சுளிப்பார், “பிசாசு ஏரிக்கா கூட்டிட்டுப் போற?” என்று. என் அம்மா கேட்டார். அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோ சங்க் மக்களுக்கு இது புனிதமான ஏரி, அவர்கள் மொழியில் அதன் பெயருக்கு அர்த்தமும் அதுதான். குடியேற வந்தவர்கள் அதைப் பிசாசாக்கிவிட்டார்கள். தெற்குக் கரையில் பறவை வடிவத்தில் மண்ணால் எழுப்பிய பழைய மேடு ஒன்று இருக்கிறது, புல் மூடி, சாதாரண மேடு போலத்தான் தெரியும். கிராட்டோஸ் பக்கம் போனால் காட்டுங்கள். அதன் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை டம்பிள்டு ராக்ஸ் முடிந்து ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு சேரப் பத்து ஆகிவிடும். நாள் முழுக்க மலை ஏறியவர் மூன்று மணி நேரம் கார் ஓட்டுவது சரியில்லை. காலையில் மணலில் இருந்த உங்கள் மனைவி திரும்பும்போது ஓட்டட்டும், அதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அன்றிரவே எல்லோரையும் குளிக்க வைத்து, காது மடலுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், அக்குள், இடுப்புப் பட்டை, முழங்காலுக்குப் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்பா கூச்சப்படுவார், அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டிருந்த துணியைத் துவைக்குமுன் அப்படியே டிரையரில் போட்டு அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள், ஈரமாக இருந்தால் இன்னும் அதிக நேரம். வெந்நீரில் துவைக்காவிட்டால் சலவையில் உண்ணி பிழைத்துக்கொள்ளும், உலர்ந்த சூட்டில் சாகும். துவைப்பது மறுநாள் காலையில் ஆகட்டும்.